தொண்ணூற்றாறு குழித் தட்டு

என் தங்கை ஐம்பத்திரண்டாவது வயதில் மறுபடியும் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். ஆசைப்பட்டு உட்காரவில்லை. உட்காராவிட்டால் லேபை விட்டுக் கிளப்பிவிடுவோம் என்று சொன்னார்கள், உட்கார்ந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுச் சாயங்காலம் கூட்டி வந்தவன் நான். ஆகவே இதை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதியில் நின்றது. பத்து வயதில் வெல்டிங் கடையில் இரும்புத் தூள் கூட்டப் போனவன், இன்று முப்பத்தெட்டு பேருக்கு வேலை கொடுக்கிறேன். இஞ்சினீயரிங் முடித்த இரண்டு பேர் என் முன்னால் நின்று "சரிங்க முதலாளி" என்கிறார்கள். என் பட்டறையில் கட்டிய பாடி மலை ஏறி இறங்கி இருபது வருஷம் ஓடினாலும் ஒரு ரிவெட் ஆடாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அப்பா போனபோது எனக்குப் பத்தொன்பது, அவளுக்கு நாலு. எங்கள் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர், இன்று வரை. அவளைப் படிக்க வைத்தது நான். லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டு வருஷம். இருபத்தொரு வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி லேபில் சேர்ந்தாள். முதல் மூன்று வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவினாள். பிறகு ரத்தம் எடுத்தாள். பிறகு ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து எடுக்கும் வேலை வந்தது. அது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரி இருக்கும், அதற்குள்தான் மனுஷனின் மூக்கு, நிறம், வியாதி எல்லாம் எழுதியிருக்கிறது என்பாள். அந்தச் சொட்டுகளை உறைய வைக்கும் பெரிய ஃப்ரீசர்கள் அவள் பொறுப்பு. எந்த டாக்டர் எதைக் கேட்டாலும் நோட்டைப் புரட்டாமல், "ரெண்டாவது ஃப்ரீசர், மூணாவது தட்டு, இடது பக்கம், நீல மூடி" என்பாள். லேபில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டுப் பாடு வேறு. புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே பையன் வெளியூரில் வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். மாமியார் படுத்த படுக்கை. விடியும் முன் எழுந்து கிழவியைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு பச்சையாக முடிச்சு விழுந்திருக்கிறது. இறுக்கமான காலுறை போட்டால்தான் மாடிப்படி ஏற முடியும்.

இந்த நிலைமையில்தான் அவளுடைய லேபின் தலைவி, பெரிய டாக்டரம்மா, ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாராம்: இனி மரபணுவைப் படிக்கும் மெஷின் வேலை முழுவதும் வெளிக் கம்பெனிக்குப் போகிறது, நாம் தட்டில் சரக்கை நிரப்பி அனுப்பினால் போதும், விடை கம்ப்யூட்டர் கோப்பாகத் திரும்பி வரும், அதைப் படிக்கத் தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் லேபில் இருந்தால் போதும். கோடை விடுமுறையில் மரபணு மென்பொருளுக்கு ஒரு பயிற்சி நடக்கிறது, இரண்டு வாரம். அதில் தேறி வந்தால் லேப். இல்லையென்றால் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் இருக்கும் மருந்து ஸ்டோர்.

ஸ்டோர் என்றால் அட்டைப்பெட்டி தூக்கி ஏணியில் ஏறி இறங்குகிற வேலை. அந்தக் காலோடு ஆறு வருஷம் ஏணி ஏற முடியாது. ரிட்டயர் ஆக ஆறு வருஷம் இருந்தது.

பயிற்சி நடந்த காலேஜுக்கு மூன்று பஸ் மாற வேண்டும். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். என் சம்சாரம் உடனே, "போங்க போங்க, ரெண்டு வாரம் டிரைவர் வேலை பாருங்க. தொப்பையாவது கொஞ்சம் கரையும்" என்றாள்.

"கார்ல உக்காந்துக்கிட்டுப் போனா தொப்பை எப்படிடி கரையும்?"

"அவ பேசறதைக் கேட்டுக்கிட்டே போவீங்கல்ல. நீங்க பேசாம இருந்தாலே பாதி கரையும்."

முதல் நாள் காலை நான் போனபோது மாமியார் கிழவி கட்டிலில் கிடந்தபடியே விசாரித்துக்கொண்டிருந்தது. "இவ்வளவு சீக்கிரமா எங்கடி கிளம்பிட்ட?"

"பள்ளிக்கூடத்துக்கு அத்தை."

"இந்த வயசுலயா? சரி சரி. பெயிலாகிடாதே. ஊர் சிரிக்கும்."

விடுமுறைக்குக் காலியாகிக் கிடந்த காலேஜ். புல் காய்ந்து, சைக்கிள் நிறுத்தும் கொட்டகை வெறிச்சென்று, ஒரே ஒரு காவல்காரர். மாடியில் ஒரு அறையில் மட்டும் இருபத்து நாலு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே ஏசி பற்கள் கிட்டும்படி வைத்திருந்தார்கள். இருந்தவர்களில் முக்கால்வாசி ஆராய்ச்சி மாணவர்கள், இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. சொல்லிக்கொடுத்தவருக்கே முப்பது இருக்காது. தாடி வைத்திருந்ததால் தாடி வாத்தியார் என்று என் தங்கை பெயர் வைத்தாள். பக்கத்துச் சீட்டில் ஒரு பெண், வகுப்பு முழுக்க பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றுகொண்டே இருக்குமாம். அதற்குப் பிஸ்கட் என்றே பெயர். நல்ல பெண். என் தங்கையை ஆன்ட்டி என்று கூப்பிட்டது, மூடி தொலைந்த பேனாவுக்குத் தன் பேனாவின் மூடியைக் கொடுத்தது.

முதல் நாள் சாயங்காலம் காரில் ஏறினாள். பின் சீட்டில் சாய்ந்து, செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி மடக்கிக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"கறுப்புத் திரை அண்ணா. அதுல வெள்ளை எழுத்து. நாமே டைப் அடிக்கணும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் தெரியாதுங்குது. ஒரு இடைவெளி கூடப் போனாலும் தெரியாதுங்குது."

"மவுஸ் இல்லையா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். மொத்த வகுப்பும் சிரிச்சுது."

"சிரிச்சவன் யாரு? நாளைக்கு நான் வந்து கேக்கறேன்."

"நீ சும்மா இரு. எனக்கே சிரிப்பு வந்துச்சு."

சிக்னலில் திரும்பிப் பார்த்தேன், வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

இப்படியே ஒரு வாரம் போனது. இரண்டே விரலால் டைப் அடித்தாள். ஒன்று என்ற எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு சின்ன எழுத்தும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிறதாம், அதில் ஒரு முழு மத்தியானம் போனது. அன்று பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில் அவள் எழுதி வைத்ததை நான் பார்த்தேன்: 'கோபப்படாதே, மறுபடி அடி.' அடி என்றால் டைப் அடி என்று அர்த்தம். நான் என் பட்டறையில் அந்த வார்த்தையை வேறு அர்த்தத்தில்தான் சொல்வேன்.

ஏழாவது நாள் வண்டி ஓட்டும்போது, "விட்டுடலாமான்னு இருக்கு அண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் விட்டது கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் எல்லோரும் சொந்த லேபின் விவரங்களை வைத்து வேலை செய்ய வேண்டும். கடைசி நாள் சனிக்கிழமை, அதை எல்லோர் முன்னாலும் காட்டிப் பேச வேண்டும். பேசினால்தான் சர்ட்டிபிகேட். அந்தந்த லேபின் தலைவரும் வந்து உட்காருவார்கள்.

என் தங்கை கொண்டுபோனது காது கேளாமல் பிறந்த பிள்ளைகளின் விவரம். முப்பத்திரண்டு குடும்பம், குடும்பத்துக்கு மூன்று பேர்: அப்பா, அம்மா, பிள்ளை. மொத்தம் தொண்ணூற்றாறு. சரக்கை நிரப்பும் பிளாஸ்டிக் தட்டிலும் மிகச் சரியாகத் தொண்ணூற்றாறு குழிதான், பக்கவாட்டில் பன்னிரண்டு, மேலிருந்து கீழே எட்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு முகவரி உண்டு, ஏ ஒன்று என்று ஒரு மூலையில் தொடங்கி ஹெச் பன்னிரண்டு என்று எதிர் மூலையில் முடியும். அந்தத் தட்டை நிரப்பியவள் அவளே. வெளியே போன தட்டுக்கு விடை வந்துவிட்டது. எந்தப் பிள்ளைக்கு எதனால் காது கேட்கவில்லை, அடுத்த பிள்ளை பெற்றால் அதற்கும் வருமா என்று முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் திங்கட்கிழமை ரிப்போர்ட் போவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு சரிபார்ப்பு, அதைத்தான் வகுப்பில் செய்தாள். பிள்ளையின் மரபணு பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். மென்பொருள் அதை ஒப்பிட்டுச் சரி, தப்பு என்று சொல்லும்.

வியாழக்கிழமை அது சொன்னது: முப்பத்திரண்டு குடும்பமும் தப்பு.

தாடி வாத்தியார் வந்து திரையைப் பார்த்துச் சிரித்தாராம். "மேடம், உங்க லிஸ்ட் படி எல்லா வீட்டுலயும் பிள்ளைதான் அப்பா. அப்பாதான் பிள்ளை. அம்மா மட்டும் அம்மாவாவே இருக்காங்க."

பிஸ்கட் வாயில் இருந்ததை விழுங்காமலே, "எங்க வீட்டுலயும் அதான் சார் நிலைமை. எங்கப்பாவுக்கு சாக்ஸ் தேடிக் குடுக்கறதே எங்கம்மாதான்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பயப்படாதீங்க மேடம்" என்றார் வாத்தியார். "லிஸ்ட் டைப் பண்ணும்போது அப்பா பேரும் பிள்ளை பேரும் இடம் மாறிப் போச்சு. அந்த ரெண்டையும் திருப்பிப் போட்டுட்டா முடிஞ்சுது."

திருப்பிப் போட்டார்கள். முப்பத்திரண்டும் சரி என்று பச்சையில் வந்தது. பிஸ்கட் கைதட்டியது.

அன்று சாயங்காலம் இதை அவள் சொன்னதும் நான் வண்டியை ஓரங்கட்டி இரண்டு கப் டீ வாங்கினேன். நமக்கு வேலை முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், ஆறிப்போயிற்று.

"நான் மாத்தி டைப் அடிக்கல அண்ணா."

"எல்லாரும் பண்றதுதான். விடு."

"நான் தப்பே பண்ண மாட்டேன்னு சொல்லல. இந்தத் தப்பை நான் பண்ணலன்னு சொல்றேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, தட்டை நிரப்பிய அன்று கையால் எழுதிய நோட்டை வகுப்புக்குக் கொண்டுபோனாள். அப்பா, அம்மா, பிள்ளை. அப்பா, அம்மா, பிள்ளை. முப்பத்திரண்டு தடவையும் சரியாக எழுதியிருந்தாள். டைப் அடித்ததும் அப்படியே இருந்தது. ஒரு இடத்தில் கை தவறலாம், முப்பத்திரண்டு இடத்திலுமா ஒரே மாதிரி தவறும்?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் மட்டும் அறையில் இருந்தாள். ஒரு தாளில் தொண்ணூற்றாறு கட்டம் போட்டு, வரிசையாக எழுதிப் பார்த்தாள். அப்பாவும் பிள்ளையும் இடம் மாறுகிறார்கள், நடுவில் இருக்கும் அம்மா மாறவில்லை. எப்போது அப்படி ஆகும்? வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பேனாவைத் தேடத் தாளை நகர்த்தியபோது அது தலைகீழாகத் திரும்பியது. அப்போது தெரிந்தது. தலைகீழாகப் பார்த்தால் பிள்ளை, அம்மா, அப்பா. அது மட்டுமில்லை. முதல் குடும்பம் இருந்த இடத்தில் முப்பத்திரண்டாவது குடும்பம் உட்கார்ந்திருந்தது. இரண்டாவதன் இடத்தில் முப்பத்தொன்றாவது.

வாத்தியார் சொன்ன மாதிரி அப்பாவையும் பிள்ளையையும் மட்டும் மாற்றிப் போட்டால் ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் பொருந்திவிடும். மென்பொருள் பச்சை காட்டும். ஆனால் ஒருத்தர் வீட்டு ரிப்போர்ட் இன்னொருத்தர் வீட்டுக்குப் போகும், முப்பத்திரண்டு வீட்டுக்கும்.

என் தங்கை லேபுக்குப் போன் போட்டாள். அங்கே தரை துடைக்கும் அம்மாதான் எடுத்தாராம்.

"அக்கா, என் மேஜைக்குக் கீழே புதுத் தட்டு அட்டைப்பெட்டி இருக்கும். அதுல இருந்து ஒரு காலித் தட்டு எடுங்க. ஒரு மூலை வெட்டியிருக்கும் பாருங்க."

"ஆமா, வெட்டியிருக்கு. உடைஞ்சதா?"

"இல்லக்கா, அப்படித்தான் வரும். அந்த மூலை பக்கத்துல பொடியா என்ன எழுதியிருக்கு?"

"இரு, கண்ணாடி போட்டுக்கறேன். ஹெச்சு. பன்னெண்டு."

"நல்லாப் பாருங்கக்கா. ஏ, ஒண்ணுன்னு இல்ல?"

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே பஸ் நம்பர்தான். இது ஹெச்சு. உடம்புக்கு என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

விஷயம் இதுதான். இத்தனை வருஷமாக வந்த தட்டுகளில் வெட்டு விழுந்த மூலைதான் ஏ ஒன்று. என் தங்கை தட்டை எடுத்தால் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. உறைபனி படிந்திருக்கும், கையுறை போட்டிருப்பாள், மூக்குக்கண்ணாடியில் ஆவி பிடித்திருக்கும். இடது கைக் கட்டைவிரல் அந்த வெட்டு மூலையில் போய் உட்கார்ந்தால் தட்டு நேராக இருக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, கையே கற்றுக்கொண்டது. இந்த வருஷம் வேறு கம்பெனித் தட்டு வாங்கியிருக்கிறார்கள். அவன் வெட்டை எதிர் மூலையில் வைத்திருக்கிறான். கட்டைவிரல் வழக்கம்போல் வெட்டில் உட்கார்ந்தது. தட்டு தலைகீழாக நின்றது.

அவள் இன்னும் ஒரு தடவை உறுதி செய்துகொண்டாள். பிள்ளை ஆணா பெண்ணா என்றும் மென்பொருளால் சொல்ல முடியும். பச்சை காட்டிய அந்த லிஸ்ட்டை வைத்துப் பார்த்தபோது பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டில் ஒன்றும் திரையில் ஒன்றுமாக இருந்தது. லிஸ்ட்டைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பாக இல்லை.

அன்று காரில் ஏறியதும் எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

நான் உடனே வழி சொன்னேன். தொழில் நடத்துகிறவன், வழி சொல்லாமல் இருக்க முடியுமா? "இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கற? நீயே லிஸ்ட்டைத் தலைகீழாத் திருப்பிப் போட்டுடு. ரிப்போர்ட் சரியாப் போகும். யாருக்கும் நஷ்டமில்ல. நாளைக்குப் பேசிட்டு சர்ட்டிபிகேட்டை வாங்கிட்டு வா."

"டாக்டரம்மாகிட்ட சொல்ல வேண்டாமா?"

"எதுக்கு? உன்னை ஸ்டோருக்கு அனுப்பறதுக்கு நீயே சீட்டு எழுதிக் குடுக்கப் போறியா?"

"மீதி சரக்கோட அந்தத் தட்டு திரும்பி வந்து ஃப்ரீசர்ல இருக்கு அண்ணா. பத்து வருஷம் இருக்கும். எனக்குப் பின்னாடி ஒருத்தி வந்து ஏ ஒண்ணுல இருந்து ஒரு சொட்டு எடுப்பா. முதல் குடும்பத்து அப்பான்னு நினைச்சு எடுப்பா. அது முப்பத்திரண்டாவது வீட்டுப் பிள்ளை. அவகிட்ட யாரு சொல்றது?"

"மேல ஒரு சீட்டு ஒட்டு."

"என்னன்னு ஒட்டறது? 'இது தலைகீழ், யாருகிட்டயும் சொல்லாதே'ன்னா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னைப் படிக்க வச்சது இப்படி நீயே போய் மாட்டிக்கறதுக்கா? நான் இந்த வயசு வரைக்கும் யார் முன்னாடியும் போய் நின்னு தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னதில்ல, தெரியுமா?"

"தெரியும். ரிவெட் ஆடாதும்பே. ஆடுச்சுன்னா ரோடு சரியில்லம்பே."

வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடு அண்ணா. லேட் பண்ணாதே" என்று மட்டும் சொன்னாள். என்ன முடிவு என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை வீட்டு ஆட்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார்கள், படம் படமாகக் காட்டினார்கள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முன்வரிசையில் பெரிய டாக்டரம்மா. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், மடியில் ஒரு டைரி. பட்டறையில் முப்பத்தெட்டு பேரை மேய்க்கிற எனக்கே அவரைப் பார்த்ததும் காலை ஒழுங்காக வைத்து உட்காரத் தோன்றியது.

பதினோராவதாக என் தங்கை. மேடையில் ஏற இரண்டு படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பிஸ்கட் எழுந்து போய்க் கை கொடுத்தது.

"நான் லேபில ஃப்ரீசர் பாக்கறேன்" என்று ஆரம்பித்தாள். "இங்க வந்து கத்துக்கிட்டதை வச்சு என் தட்டையே பார்த்தேன். முப்பத்திரண்டு குடும்பமும் பொருந்திடுச்சு. ஆனா ஒருத்தர் ரிசல்ட் இன்னொருத்தர் பேர்ல இருக்கு. தட்டு தலைகீழா நிரம்பியிருக்கு. நிரப்பினது நான்தான்."

பிறகு வெட்டு மூலையைச் சொன்னாள், பதினெட்டுப் பிள்ளைகளைச் சொன்னாள். லேபிலிருந்து கொண்டுவந்த ஒரு காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் எங்கே போகிறது என்று காட்டினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. குரலில் நடுக்கமில்லை, களைப்பு மட்டும் இருந்தது. பேசி முடித்ததும் கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் தாடி வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, "அப்பாவையும் பிள்ளையையும் மாத்திப் போடச் சொன்னது நான்தான். எனக்கு இது தோணவே இல்ல" என்றார். நல்ல மனுஷன்.

டாக்டரம்மா டைரியைத் திறந்தார். "அந்தப் பெட்டியில இருந்து எத்தனை தட்டு நிரப்பியிருக்கே?"

"நாலு டாக்டர்."

"மத்த மூணும்?"

"அதே கைதான்."

"யாருக்காவது ரிப்போர்ட் போயிருக்கா?"

"போகல. ரெண்டு இன்னும் ஃப்ரீசர்ல இருக்கு. ஒண்ணு வெளிய போயிருக்கு, விடை வரல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அங்கேயே போனை எடுத்துத் திங்கட்கிழமை ரிப்போர்ட் எதுவும் போகக்கூடாது என்று யாருக்கோ சொன்னார். பிறகு என் தங்கையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியே, "இத்தனை வருஷம் எழுத்தைப் படிக்காம தட்டு நிரப்பியிருக்கே. இதை நான் என்ன பண்றது?" என்றார்.

"தெரியல டாக்டர்."

"திங்கட்கிழமை வா. சொல்றேன்."

சர்ட்டிபிகேட்டை வாத்தியார் எல்லோருக்கும் போலவே அவளுக்கும் கொடுத்தார். வண்டியில் அதைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "நல்லாப் பேசின" என்றேன். "உம்" என்றாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. முதலில் நாலு தட்டையும் சரி பண்ணு என்றாராம். தட்டில் ஊற்றும் முன் சரக்கு இருந்த ஆதிக் குழாய்களை ஃப்ரீசரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தட்டுக்குப் பத்துப் பேர் வீதம் மறுபடியும் சோதித்து, எல்லாம் திருப்பிப் போட்ட லிஸ்ட்டோடு ஒத்துப்போகிறது என்று நிரூபிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவள் ஸ்டோருக்கா லேபுக்கா என்று தெரியாமலேதான் வேலை பார்த்தாள். கால் வீங்கி, செருப்பு நுழையாமல், என் சம்சாரத்தின் பெரிய செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் ஒரு மாதம் தாமதமாக ரிப்போர்ட் போயிற்று, அவரவர் ரிப்போர்ட் அவரவர்க்கு.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். லேபிலேயே இரு. ஆனால் இனித் தட்டைத் தொடாதே. நிரப்புவதற்குப் புதிதாக ஒரு பெண் வருகிறாள். அவள் நிரப்பியதையும் வெளியிலிருந்து வரும் விடையையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உன் வேலை, காலை முதல் மாலை வரை. ஃப்ரீசர் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடு.

இதை அவள் என் வீட்டில் வைத்துச் சொன்னாள். என் சம்சாரம் சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வழக்கம்போல் போனை எடுத்து ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட ஆரம்பித்தேன். பட்டறை மேஸ்திரியிடம், "என் தங்கச்சி ஜெயிச்சுட்டாய்யா. படிச்ச பிள்ளைங்க இருபத்து மூணு பேருக்கு நடுவுல உக்காந்து, யார் கண்ணுக்கும் தெரியாததைக் கண்டுபிடிச்சு ஜெயிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் சொன்ன யோசனையைப் பற்றி மேஸ்திரியிடம் சொல்லவில்லை. அந்த யோசனை முழுத் தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் இங்கே எழுதியிருக்கிறேன், அது போதும்.

நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா."

"என்ன?"

"ஜெயிச்சுட்டான்னு சொல்லாதே."

"பின்ன என்னன்னு சொல்றது?"

"லேபிலதான் இருக்கான்னு சொல்லு."

மேஸ்திரி மறுமுனையில், "முதலாளி, கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.